முதல் அறை ஸ்விட்ச்

"ஏம்மா சத்யபிரியா, உங்க மிஷின் பொய் சொல்லுமா?" என்று போனில் கேட்டார் இசக்கிராஜா அண்ணாச்சி.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். அப்போதுதான் டிபன் டப்பாவைத் திறந்திருந்தேன். பசி நேரத்தில் யாராவது என் வேலையைச் சந்தேகப்பட்டால் எனக்குச் சுள்ளென்று ஏறும். "மிஷின் எதுக்கு அண்ணாச்சி பொய் சொல்லணும்? மனுசங்கதான் சொல்லுவாங்க" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காகப் பின்னால் நான் பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமில்லை.

இசக்கிராஜா, இடைசெவல் தாண்டி கரிசல் காட்டுக்குள் இருக்கும் ஒரு பட்டாசு ஆலையில் பாதுகாப்பு மேனேஜர். அந்த ஆலைக்கு டேப்லெட் கொடுத்திருந்தது எங்கள் கம்பெனி. கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். எட்டயபுரம் ரோட்டில் ஒரு உரக்கடைக்கு மேல் மாடி, ஐந்து பேர். ஹரி பேசுவான், விற்பான். நான் டிரைவர் எழுதுவேன். டேப்லெட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகத்தையும் வேலை வாங்குகிற சின்ன நிரலுக்கு அப்படிப் பெயர். அம்மா மட்டும் அக்கம்பக்கத்தில் "கம்ப்யூட்டர் வேல" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். டிரைவர் என்று சொன்னால் எந்த வண்டிக்கு என்று கேட்கிறார்களாம்.

ஆலையில் மருந்து கலக்கும் அறைகள் நான்கு. வெடிக்கான பொடியை அங்கே மருந்து என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு பெண் பொறுப்பு. மணிக்கு ஒரு தடவை அறையின் சூட்டையும் ஈரப்பதத்தையும் பார்த்து டேப்லெட்டில் ஏற்ற வேண்டும். ரேடியோ அலை வீசும் எந்தச் சாமானும் மருந்து அறைக்குள் போகக் கூடாது. போனை எல்லாம் கேட்டிலேயே வாங்கிக்கொள்வார்கள். அதற்காகத்தான் எங்கள் டேப்லெட்டின் பக்கவாட்டில் ஒரு ஸ்விட்ச். உள்ளே போகும் முன் அதைத் தள்ளினால் அடியில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். வைஃபையும் புளூடூத்தும் அணைந்துவிடும். வெளியே வந்து திரும்பத் தள்ளினால், ஏற்றிய கணக்கெல்லாம் இசக்கிராஜாவின் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும்.

இதில் ஒரு சங்கதி உண்டு. அந்த ஸ்விட்ச் நேராகக் கம்பியை வெட்டுவதில்லை. சேதிதான் சொல்லும். "என்னைத் தள்ளிவிட்டார்கள்" என்று டிரைவரைத் தட்டும். டிரைவர்தான் வைஃபை, புளூடூத் இரண்டையும் நடத்தும் ரேடியோவை அணைக்க வேண்டும், எத்தனை மணிக்குத் தள்ளினார்கள் என்று ஒரு வரி எழுதியும் வைக்க வேண்டும். அணைப்பதும் என் டிரைவர், எழுதுவதும் என் டிரைவர்.

அன்று நடந்தது இது. முதல் அறைக்குப் பக்கத்தில் இருக்கும் பேக்கிங் ஷெட்டில் முந்தின நாள்தான் புதிதாக ஒரு வைஃபை பெட்டி மாட்டியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை பத்தே முக்காலுக்கு, முதல் அறைக்குள் இருந்த டேப்லெட் அந்தப் பெட்டியோடு பதினோரு நிமிடம் பேசியிருக்கிறது. இசக்கிராஜா தன் திரையில் அதைப் பார்த்துவிட்டுத் தலைதெறிக்க ஓடி, அறையைக் காலி செய்து பூட்டிவிட்டார். பொறுப்பில் இருந்த பொன்மணி "நான் தள்ளிட்டுத்தான் போனேன்" என்கிறாள். இவர் என்னைக் கேட்கிறார்.

பதிவைத் திறந்து பார்த்தேன். அன்று காலை ஸ்விட்ச் தள்ளியதாக ஒரு வரியும் இல்லை. "தள்ளல அண்ணாச்சி" என்றேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார். மூன்றே நிமிடத்தில் எழுதி அனுப்பினேன்: 'இயந்திரப் பதிவின்படி ஸ்விட்ச் அணைக்கப்படவில்லை. பதிவில் பிழை இல்லை.' கீழே என் பெயர். பிறகு ஆறிப்போன சாதத்தைச் சாப்பிட்டேன்.

அந்தச் சின்ன அலையால் மருந்து பற்றிக்கொள்ளுமா என்றால், பெரும்பாலும் பற்றாது. ஆனால் 'பெரும்பாலும்' என்ற சொல்லுக்கு மருந்து அறையில் இடம் கிடையாது. அதனால்தான் கவனமில்லாதவள் என்று ஒரு ஆலையில் வெளியேற்றப்பட்ட பெண்ணை இந்தப் பக்கத்தில் வேறெந்த ஆலையிலும் மருந்து அறைக்குள் விடமாட்டார்கள். அட்டை ஒட்டப் போகலாம், பேக்கிங்குக்குப் போகலாம். மருந்தில் கை வைக்க முடியாது. இதெல்லாம் அந்த மூன்று நிமிடத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அவளே எங்கள் மாடிப்படி ஏறி வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு வயர் கூடை. அதை வாசலிலேயே வைத்துவிட்டு நின்றாள்.

"நீங்கதான தாயி அந்த லெட்டர எழுதுனது?"

"ஆமாக்கா. நீங்க?"

"பொன்மணி. மொத ரூமு. அந்த லெட்டரப் பாத்துட்டு என்னைய வேலைய விட்டு நிறுத்திட்டாக." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் தள்ளுனேன் தாயி. பத்தொம்பது வருசமா மருந்துல கெடக்கேன். ஒரு சூட்டுத் தழும்பு கெடையாது எங்கையில. தள்ளாமப் போவேனா?"

சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். எனக்கா பேசத் தெரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டு, திரையை அவள் பக்கம் திருப்பி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன். "இங்கன பாருங்க. ஸ்விட்ச்சத் தள்ளுனா ஒரு வரி விழும். செவ்வாய்க்கிழம வரி இல்ல. திங்கக்கிழம பாப்போம்..." என்று மேலே தள்ளினேன். திங்கட்கிழமையும் இல்லை. அதற்கு முந்தின சனிக்கிழமையும் இல்லை. மேலே மேலே போனேன். மூன்று வாரத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

அந்த இடத்திலாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். "ஒரு நாள் இல்லக்கா. மூணு வாரமாவே நீங்க தள்ளல" என்றேன்.

அவள் முகம் அப்படியே வெளுத்துவிட்டது. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். திரையையே பார்த்தாள். அவளுக்கு அந்த எழுத்து புரியாது, இருந்தாலும் பார்த்தாள். பிறகு, "அந்த மிஷின் ஒண்ணு இங்கன இருக்கா தாயி? ஒருக்கா தாங்க. நான் எப்பவும் செய்யுத மாதிரி செஞ்சு பாத்துக்கிடுதேன்" என்றாள்.

மேசையில் ஒரு டேப்லெட் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அதை இரண்டு கையாலும் வாங்கி, மடியில் வைத்து, முதலில் மூடியைச் சாத்தினாள். புத்தக அட்டைபோல ஒரு மூடி அதற்கு உண்டு. சாத்திவிட்டு, பெருவிரலால் ஸ்விட்சைத் தள்ளினாள். சிவப்புப் புள்ளி தெரிந்தது. அதை ஒருமுறை குனிந்து பார்த்தாள். "இம்புட்டுத்தான். இத அப்பிடியே துணிப்பையில போட்டுக்கிட்டு உள்ள போவேன்."

"ஏன் மூடிட்டுத் தள்ளுதீங்க?" என்று கேட்டேன். குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

"மருந்துக்காரி கை அப்பிடித்தான் போகும் தாயி. டப்பா வாய மூடாம அடுத்த காரியத்துல கை வைக்கக் கூடாது. மொத நாளே எங்களுக்குச் சொல்லுத பாடம் அதான். நாலு ரூமுக்காரியும் அப்பிடித்தான் செய்வோம்."

டேப்லெட்டை வாங்கி மூடியைத் திறந்தேன். திரை விழித்தது. பக்கவாட்டில் சிவப்புப் புள்ளி நன்றாகத் தெரிகிறது. திரையின் மேல் ஓரத்தில் வைஃபை அடையாளமும் ஜம்மென்று எரிகிறது. ஸ்விட்ச் அணைந்திருக்கிறது, ரேடியோ பேசிக்கொண்டிருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன்னால் நான்தான் ஒரு அப்டேட் அனுப்பியிருந்தேன். வெயிலுக்கு பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்று புகார் வந்ததால், மூடியைச் சாத்தியதும் டேப்லெட் தூங்கும்படி செய்தேன். வீட்டார் தூங்கும்போது தபால்காரர் வந்து தட்டினால் யாருக்குக் கேட்கும்? அதுபோலத்தான் ஆகியிருக்கிறது. தூங்கும் டிரைவரை ஸ்விட்ச் தட்டியிருக்கிறது. எழுந்த பிறகாவது "நான் தூங்கும்போது ஸ்விட்ச் எந்தப் பக்கம் போச்சு" என்று அது பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கச் சொல்லும் இரண்டு வரியை நான் எழுதவில்லை. ஸ்விட்சை நான் சோதித்தது நூறு தடவைக்கு மேல் இருக்கும். நூறு தடவையும் திரையைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தள்ளினேன், அணைகிறதா என்று பார்க்க வேண்டுமே. மூடிவிட்டுத் தள்ளுகிற ஒரு கை உலகத்தில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதற்குள் வேறொன்று உறைத்தது. இப்போது மணி பத்தரை. மற்ற மூன்று அறையிலும் மூன்று பெண்கள் இதே டேப்லெட்டோடு மருந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த அறைகள் பேக்கிங் ஷெட்டுக்குத் தூரம்; வைஃபை எட்டாததால் இசக்கிராஜாவுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். போனை எடுத்தேன்.

"அண்ணாச்சி, எல்லா ரூம்ல இருந்தும் டேப்லெட்ட வெளிய எடுக்கச் சொல்லுங்க. இப்பவே. வெளிய கொண்டுவந்து முழுசா ஆஃப் பண்ணுங்க."

"என்னம்மா ஆச்சு?"

"மொதல்ல எடுங்க. நேர்ல வந்து சொல்லுதேன்."

எட்டு நிமிடம் கழித்து, எல்லாம் வெளியே வந்தாயிற்று என்று கூப்பிட்டுச் சொன்னார். பொன்மணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன தாயி, நான் எதும் தப்பாத் தள்ளிட்டேனா?" என்று கேட்டாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். 'இல்லக்கா, தப்பு என்னோடது' என்று மூன்றே வார்த்தை. வாய் வரவில்லை. "வாங்க, ஆலைக்குப் போவோம்" என்றேன்.

படி இறங்கும்போதே ஹரியைக் கூப்பிட்டேன். அவன் கோயம்புத்தூரில் இருந்தான். விஷயத்தை முழுசாகக் கேட்டுக்கொண்டான். பிறகு, "சரி பண்ணி அப்டேட் அனுப்பு. ஆனா தப்புன்னு எங்கயும் எழுதிக் குடுத்துராத சத்யா. இன்னும் ரெண்டு ஆலைக்காரங்க நம்மள யோசிச்சிட்டு இருக்காங்க" என்றான்.

"அந்த அம்மா வேல?"

"நான் முதலாளிக்கிட்டப் பேசுதேன். பழைய ஆளு, ஒரு தடவ மன்னிச்சிருங்கன்னு சொல்லுதேன். அவியளுக்கு வேல கெடச்சாப் போதும்லா?"

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கச் சொல்லுத."

"அஞ்சு பேரு சோறும் அதுலதான் இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டான். ஹரி கெட்டவன் இல்லை. பயந்துவிட்டான். நானும்தான் பயந்திருந்தேன்.

என் ஸ்கூட்டரில் பொன்மணி பின்னால் உட்கார்ந்து வந்தாள். ஆடிக் காற்று ஆளைத் தள்ளியது. உழுது போட்ட கரிசலிலிருந்து புழுதி கிளம்பி ரோட்டின் குறுக்கே ஓடியது. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள். பன்னிரண்டு கிலோமீட்டர். நான் உண்மையை வாயில் வைத்துக்கொண்டு, விழுங்கவும் இல்லாமல் துப்பவும் இல்லாமல் ஓட்டிக்கொண்டே போனேன்.

ஆலையின் ஆபீஸ் அறையில் முதலாளி பூவனநாதன் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இசக்கிராஜா. டேப்லெட்டோடு வெளியே வந்த மருந்து அறைப் பெண்கள் மூன்று பேரும் வராந்தாவில் நின்றார்கள். பொன்மணி உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

நான் வாயைத் திறக்கும் முன் முதலாளி ஆரம்பித்தார். "ஹரி தம்பி இப்பத்தான் பேசுனாப்ல. மிஷின்ல ஏதோ சின்ன வேல இருக்காம்லா, அத முடிச்சுக் குடுத்திருங்க. பொன்மணி, ஒனக்காகவும் பேசுனாப்ல. பழைய ஆளு நீ. இந்த ஒரு தடவ மன்னிச்சு விடுதேன். நாளைக்கு வேலைக்கு வா. இனிமே இப்பிடி நடக்கக் கூடாது."

எல்லாம் முடிந்துவிட்டது. அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. நான் 'சரி அண்ணாச்சி' என்று சொல்லிவிட்டு டேப்லெட்டுகளை வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தால், யாரும் என்னை ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அந்த எண்ணம் வந்தது, மறைக்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். பொன்மணி இரண்டு கையையும் கூப்பி நின்றாள். "சரிங்க முதலாளி. தப்பு நடந்துபோச்சு. இனிமே நடக்காது" என்றாள்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே அம்பு கைகூப்பி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிறது. எனக்கு வந்த கோபத்தில் முதல் தடவையாக ஒரு நியாயம் இருந்தது, அது என் மேல் வந்ததால்.

"அவிய மேல தப்பு இல்ல அண்ணாச்சி" என்றேன். "தப்பு என்னோடது. அவிய ஸ்விட்ச்சத் தள்ளியிருக்காங்க. என் டிரைவர் அதக் கவனிக்கல. கவனிக்காததுனால அணைக்கவும் இல்ல, எழுதவும் இல்ல. எழுதாததப் பாத்துட்டு, தள்ளலன்னு நான் லெட்டர் குடுத்தேன்." பிறகு மூடியையும், தூக்கத்தையும், மூன்று வாரத்துக்கு முந்தைய அப்டேட்டையும் எடுத்துச் சொன்னேன். பையிலிருந்த டேப்லெட்டை மூடி, தள்ளி, திறந்து காட்டினேன்.

முதலாளி சத்தம் போடவில்லை. "மூணு வாரமா?" என்று மட்டும் கேட்டார். "நாலு ரூம்லயுமா?"

"ஆமா அண்ணாச்சி."

அவர் ஜன்னல் வழியாக வெள்ளையடித்த அந்த நான்கு அறைகளையும் பார்த்தார். கத்தியிருந்தால் எனக்குத் தேவலை. இசக்கிராஜாதான் வெடித்தார். "நான் கேட்டேன்லாம்மா. மிஷின் பொய் சொல்லுமான்னு கேட்டேன்லா. நீ என்ன சொன்ன?"

"தப்பாச் சொல்லிட்டேன் அண்ணாச்சி" என்றேன்.

வராந்தாவில் நின்ற மூவரில் பாலம்மாள் என்பவள், "நாங்களும் மூடிட்டுத்தான் தள்ளுனோம். ஆனா மிஷின் அவள மட்டுந்தான சொல்லுச்சு. அதான் எங்களுக்குப் பேச வாயில்ல" என்று பொதுவாகச் சொன்னாள்.

முதலாளி ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "மிஷின் வேணுமா வேண்டாமான்னு பெறவு முடிவு பண்ணுதேன். இப்பச் சொன்னத எழுதிக் குடு. தமிழ்ல எழுது. எல்லாருக்கும் கேக்கும்படி வாசி."

நின்றுகொண்டே எழுதினேன். கை வேர்த்து ஒரு எழுத்து அழிந்துவிட்டது. அதன்மேலேயே திரும்ப எழுதினேன். பிறகு வாசித்தேன்: "செவ்வாய்க்கிழமை முதல் அறைக்குப் போகும் முன் பொன்மணி ஸ்விட்சைச் சரியாகத் தள்ளினார். நான் எழுதிய டிரைவரில் இருந்த பிழையால் ரேடியோ அணையவில்லை, பதிவும் ஆகவில்லை. அவர் மீது எந்தக் கவனக்குறைவும் இல்லை. நான் முன்பு கொடுத்த கடிதம் தவறு. சத்யபிரியா."

அதைக் கேட்டதும் அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டட்டும் என்றுதான் இருந்தேன். அவள் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். என் கையிலிருந்த தாளைத் தொட்டாள்.

"அப்போ நான் தள்ளுனது நெசந்தானா தாயி?"

"என்னக்கா கேக்குதீங்க? நீங்கதான வந்து சொன்னீங்க, தள்ளுனேன்னு."

"சொன்னேன்" என்றாள். "செவ்வாக்கெழம நெசமாத் தெரிஞ்சுதான் சொன்னேன். அன்னைக்கு ராத்திரி எம்மக ஒங்க லெட்டர வாசிச்சுக் காட்டுனா. மிஷின்ல தப்பு இல்லன்னு இருந்துச்சு. அப்பறம் எனக்கே தெரியல தாயி. தெனமும் செய்யுத காரியம், செஞ்ச மாதிரி நெனப்புல இருக்கோன்னு ஒரு பயம். அடுப்ப அணைச்சிட்டு வந்து படுப்பேன், அணைச்சமான்னு எந்திரிச்சிப் போயிப் பாப்பேன். நேத்து நாலு வாட்டி பாத்தேன். இன்னைக்கு நீங்க வேற மூணு வாரமாத் தள்ளலன்னு சொன்னீக. சரி, புத்தி தடுமாறிப் போச்சு, இனி மருந்துல கை வைக்கக் கூடாதுன்னு வழியெல்லாம் நெனச்சிட்டே வந்தேன்."

அந்த வழியெல்லாம் நான்தான் அவளுக்கு முன்னால் உட்கார்ந்து வண்டி ஓட்டினேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் அழக் கூடாது என்றுகூடத் தோன்றவில்லை.

"தள்ளுனீங்கக்கா" என்றேன்.

அவள் தன் வலது கையை விரித்து, அந்தப் பெருவிரலைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க தாயி" என்றாள்.

சொன்னேன்.